புல்வெளியும் புறக்கடையும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. தாவரவியல் மாணவர்)

மாசி போய்ப் பங்குனி பிறந்துவிட்டால் நம் கல்லூரியில் இரண்டு காட்சிகளைத் தவறாமல் காணலாம். முகப்பில் உள்ள புல்வெளியில் ரப்பர் குழாய் காலை முதல் மாலை வரை நீரைக் கொட்டிக் கொண்டிருக்கும். விளையாட்டுத் திடலின் ஓரத்தில், உதிர்ந்த சருகுகள் குவிக்கப்பட்டு எரிந்து கொண்டிருக்கும். முன்புறம் தண்ணீர், பின்புறம் நெருப்பு! இவ்விரண்டிற்கும் நடுவே அமர்ந்துதான் நாம் தாவரவியல் படிக்கிறோம்.

இது குறித்து என் மனத்தில் பட்ட சிலவற்றை இம்மலரின் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன். என் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் கையெழுத்து மட்டும் போடுவார். தாயார் அதுவும் அறியார். ஆகவே, நூலைக் கொண்டு நான் பேசப்போவது கொஞ்சம். எங்கள் வீட்டுப் புறக்கடையைக் கொண்டு பேசப்போவதே மிகுதி. பிழையிருப்பின் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

யூரியா கற்பித்த பாடம்

எங்கள் வீட்டின் பின்னால் 2 சென்ட் நிலம் இருக்கிறது. கத்தரி, வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, ஒரு முருங்கை, துவைக்கும் கல்லருகே இரண்டு வாழை. இவைதாம் அம்மாவின் தோட்டம். அடுப்புச் சாம்பல், ஆட்டுப் புழுக்கை, மக்கிய இலைதழை, அரிசி கழுவிய நீர். இவைதாம் அதற்கு உரம். கோடையில் காய்கறி விலை ஏறும்போது எங்கள் குழம்புக்குக் காய் அங்கிருந்துதான் வரும். மிஞ்சியதை அம்மா கூறு கட்டி விற்பார். அந்தக் காசில் எனக்குச் செய்முறைப் பதிவேடும் நூல்களும் வாங்குவதாக ஏற்பாடு.

சென்ற ஆண்டு நான் முதலாண்டு மாணவன். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் என்று மூன்று சொற்களை மனப்பாடம் செய்திருந்தேன். படித்தவன் என்ற நினைப்பு தலைக்கு ஏறியிருந்த காலம். பங்குனி மாதத்தில் ஒருநாள் கத்தரிச் செடிகளின் இலைகள் சற்று வெளுத்திருப்பதைக் கண்டேன். "நைட்ரஜன் பற்றாக்குறை!" என்று தீர்ப்புக் கூறினேன். "வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் கண்ணு. ஒரு மழை பெய்யட்டும், தானாக் கறுத்துக்கும்" என்றார் அம்மா. எழுதப் படிக்கத் தெரியாதவரின் பேச்சை நான் ஏன் கேட்க வேண்டும்?

பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் இரண்டு கிலோ யூரியா வாங்கி வந்தேன். காலை பத்து மணி வெயிலில், காய்ந்து கிடந்த மண்ணில், செடிக்கு ஒரு கைப்பிடி வீதம் தூரிலேயே போட்டேன். செம்பில் ஆளுக்குக் கொஞ்சம் நீரும் ஊற்றினேன். மூன்றாம் நாள் இலை ஓரங்கள் கருகின. அந்த வாரம் முடிவதற்குள் 30 செடிகளில் 23 செடிகள் பட்டுப் போயின.

அம்மா என்னை ஏசவில்லை. செத்த செடிகளைப் பிடுங்கிக் கொண்டே ஒரே ஒரு சொல் சொன்னார்: "தாகத்துல கெடக்கறதுக்குப் போயி உப்பள்ளிக் குடுத்துட்டயே கண்ணு." பிறகு, அவ்வாண்டு கத்தரிக்காய்க் காசு வராது என்பதால், கூடுதலாகச் சில நாள் களையெடுப்புக்குக் கூலிக்குப் போய் வந்தார். சித்திரை வெயிலில் அவர் குனிந்து ஈட்டிய கூலியில்தான் என் பதிவேடு வந்தது.

இவ்வாண்டு தாவரச் செயலியல் செய்முறை வகுப்பில், ரியோ இலையின் கீழ்த்தோலை உரித்து உப்புக் கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தோம். செல்லுக்குள் இருந்த நீர் வெளியேற, உள்ளே இருந்த ஊதா நிறம் சுருங்கிச் சுவரை விட்டு விலகியது. வெளியே உள்ள கரைசலின் செறிவு மிகுந்தால், நீர் உள்ளிருந்து வெளியே போகும். இதற்குப் பிளாஸ்மா சிதைவு என்று பெயர் என்றார் எங்கள் பேராசிரியர். என் கத்தரிச் செடியின் வேரில் நடந்ததும் இதுவே அன்றோ? அம்மா ஒரே சொல்லில் சொன்னதை நான் ஓராண்டு கழித்து, அம்மாவின் கூலியில் வாங்கிய அதே பதிவேட்டில் படமாக வரைந்தேன். அன்று பட்ட வெட்கத்தின் விளைவே இக்கட்டுரை.

யூரியாவை நஞ்சு என்று நான் சொல்ல வரவில்லை. அதில் 46 விழுக்காடு நைட்ரஜன் உண்டு. ஈரமுள்ள நிலத்தில் அளவறிந்து இட்டால் பயிர் அதை ஏற்கும். காய்ந்த மண்ணில், சுடுவெயிலில் இட்டாலோ, ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகக் காற்றோடு போகிறது. எஞ்சியது வேரைச் சுற்றிச் செறிந்து, இருக்கும் நீரையும் பறிக்கிறது. கோடைத் தொடக்கம் அதை இடும் காலமன்று. நம் கல்லூரிப் புல்வெளிக்கோ, ஆண்டு விழாவிற்குப் பச்சையாக இருக்கவேண்டும் என்று, ஒவ்வோர் ஆண்டும் அக்காலத்தில்தான் யூரியா தூவப்படுகிறது. தூவிய பிறகு கருகாமல் இருக்க நீர், நீர் விட்டதும் மளமளவென்று வளர்ச்சி, வளர்ந்ததும் வெட்டு, வெட்டியதும் வெளுப்பு, வெளுத்ததும் மீண்டும் யூரியா! செக்குமாட்டுச் சுற்றுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

புல்வெளி எங்கிருந்து வந்தது?

ஒட்ட வெட்டிய பச்சைப் புல்வெளி மேகமூட்டமும் தூறலும் நிறைந்த இங்கிலாந்தின் வழக்கம். புல் வெட்டும் எந்திரத்தை எட்வின் பட்டிங் என்பவர் 1830ஆம் ஆண்டில் அங்கேதான் உருவாக்கினார். அங்கே வானம் நீர் பாய்ச்சியது. இங்கே ஆழ்குழாய்க் கிணறு பாய்ச்ச வேண்டியிருக்கிறது. வெள்ளையர் தம் மாளிகை முன் போட்ட புல்வெளி, அவர்கள் போனபின்னும் நம் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் நின்றுவிட்டது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் முகப்புப் புல்வெளியை நடந்து அளந்தேன். ஏறத்தாழ 40 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம்; ஆக 1,000 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நீர் நின்றால் அது ஒரு லிட்டர். நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் வீதம் விட்டாலும் 5,000 லிட்டர் ஆகிறது. குடம் ஒன்றுக்கு 15 லிட்டர் என்றால் 330 குடங்களுக்கு மேல்! எங்கள் வீட்டுத் தோட்டம் முழுவதற்கும் அம்மா நாளொன்றுக்கு ஊற்றுவது ஆறு குடம்.

2017 சனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2019 சூலையில் சோலார்பேட்டையிலிருந்து சென்னைக்குத் தொடர்வண்டியில் குடிநீர் கொண்டு போனார்கள். அக்காட்சிகளைக் கண்ட தலைமுறையினராகிய நாம், ஆண்டு விழாவின் ஒருநாள் அழகுக்காக 330 குடம் நீரை நாள்தோறும் இறைக்கலாமா?

அப்படியானால் புல்வெளியை அழித்துவிடலாமா என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். வேண்டா. ஓட்டு வீட்டுப் புழுக்கத்திலிருந்து வரும் என் போன்றோர்க்கு மாலையில் அமர அந்தப் புல்தரை ஓர் ஆறுதல். நான் வேண்டுவதெல்லாம் அதை அதன் இயல்பில் வளர்க்க வேண்டும் என்பதே.

நம் புல்வெளியில் இருப்பது பெரும்பாலும் அறுகம்புல்; தாவரவியலார் சைனோடான் டாக்டிலான் என்பர். மணமக்களை வாழ்த்தும்போது அறுகுபோல் வேரூன்றச் சொல்வது நம் மரபு. அதன் பொருளை நாம் மறந்துவிட்டோம். நீர் குறைந்தால் அறுகின் மேற்பகுதி காயும். மண்ணுக்கடியில் ஓடும் தண்டு உயிரோடு உறங்கும். ஒரு கோடைமழை பெய்தால் மறுபடி தளிர்க்கும். அது செத்துப்போவதில்லை, ஓய்வெடுக்கிறது. சித்திரையில் பழுப்பேறிய புல்வெளி நமக்கு அவமானமன்று.

ஆகவே நாள்தோறும் தெளிப்பதை விட்டு, பத்து நாளைக்கு ஒருமுறை வேர் நனைய 20 மில்லிமீட்டர் பாய்ச்சினால் போதும். பத்து நாளில் 50,000 லிட்டர் போகும் இடத்தில் 20,000 லிட்டரோடு முடியும். வேரும் நீரைத் தேடிக் கீழே இறங்கும். அடிக்கடி மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே தங்கி, ஒருநாள் நீர் நின்றாலும் வாடும். வெட்டும்போது புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் வெட்டலாகாது. வெட்டிய புல்லை அள்ளிக் கொட்டாமல் அங்கேயே பரவ விட்டால், அது மக்கித் தன் நைட்ரஜனைத் தன் மண்ணுக்கே திருப்பித் தரும். இதற்குக் காசு வேண்டா.

களையைப் பற்றியும் ஒரு சொல். சென்ற ஆண்டு விழாவுக்கு முன் களையெடுக்க வந்த பெண்களுள் ஒருவர், பிடுங்கியவற்றிலிருந்து கீழாநெல்லியை மட்டும் பொறுக்கி மடியில் கட்டிக் கொண்டார். மறுவாரம் நாங்கள் அதே செடியை உலர்த்தி ஒட்டி, பில்லாந்தஸ் என்று பெயர் எழுதி மதிப்பெண் வாங்கினோம். நெருஞ்சியை முள் வைக்குமுன் கையால் பிடுங்கத்தான் வேண்டும். கீழாநெல்லியும் அம்மான் பச்சரிசியும் ஓரத்தில் இருந்துவிட்டுப் போகட்டுமே! தாவரவியல் துறை உள்ள கல்லூரியில் ஒரே புல் மட்டும் இருப்பதுதான் பெருமையா?

எரிகின்ற செல்வம்

இனித் திடலோரத்து நெருப்புக்கு வருவோம். நம் வளாகத்தில் வேம்பும் புங்கும் தூங்குமூஞ்சி மரமும் நிறைய உண்டு. மாசி பங்குனியில் வேம்பும் புங்கும் இலை உதிர்க்கும். புங்கந்தழையை வயலுக்குத் தழையுரமாக மிதிப்பது நம் உழவர் வழக்கம். தூங்குமூஞ்சியும் புங்கும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை; அவற்றின் இலைகளில் நைட்ரஜன் உண்டு. அதை எரித்துவிட்டு, நைட்ரஜனை மூட்டையாகக் காசு கொடுத்து வாங்குகிறோம்! இன்னொரு வேடிக்கை: உள்நாட்டில் செய்யப்படும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசவேண்டும் என்று 2015இல் நடுவண் அரசு விதித்தது. நைட்ரஜன் விரைவில் வீணாகாமல் வேம்பு தடுக்கும் என்பதே காரணம். உரத்தொழிற்சாலை வேம்பைத் தேடுகிறது; நாம் அதன் இலையைக் கொளுத்துகிறோம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே பொதுவிடங்களில் குப்பையை எரிப்பதைத் தடை செய்தன என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன்.

மக்குரம் ஏதோ பாமரர் வேலை என்று எண்ணுவோர் உளர். ஆல்பர்ட் ஹோவார்டு என்ற ஆங்கிலேயத் தாவரவியல் அறிஞர் 1905இல் இந்தியா வந்தார். உழவர்க்குக் கற்பிக்க வந்தவர், உழவரிடமே கற்கத் தொடங்கினார். இந்தூரில் 1924 முதல் ஆய்வு நடத்தி, இலைதழை, சாணம், மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி மக்கவைக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். உலகம் அதை 'இந்தூர் முறை' என்கிறது. பரிணாமக் கொள்கையால் புகழ்பெற்ற டார்வின், 1881இல் வெளியிட்ட நூலை மண்புழுக்களுக்கே ஒதுக்கினார். நம் நாட்டில் கோ. நம்மாழ்வார், வேளாண்மையில் பட்டம் பெற்றுக் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். அப்பணியை உதறிவிட்டு உழவரிடம் போனார். 2013 டிசம்பரில் மறையும்வரை ஊர் ஊராக நடந்து இயற்கை வேளாண்மையைப் பேசினார். இவர்களெல்லாம் படித்தவர்கள்; படித்ததால் தாழ்ந்து குனியக் கற்றவர்கள். நானோ, மூன்று சொல் படித்ததும் நிமிர்ந்து கொண்டேன்.

செய்முறை மிக எளிது. மர நிழலில் 10 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி ஆழத்தில் குழி வெட்டுக. காய்ந்த சருகு ஓர் அடுக்கு. அதன்மேல் வெட்டிய பசும்புல்லும் விடுதிச் சமையற்கூடத்துக் காய்கறித் தோலும் ஓர் அடுக்கு. மேலே சிறிது சாணக் கரைசலும் மண்ணும். சருகில் கார்பன் மிகுதி, பசுந்தழையில் நைட்ரஜன் மிகுதி. 30 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் என்ற அளவில் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும். பிழிந்த ஈரத்துணி போன்ற பதம் இருந்தால் போதும். மாதம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். பங்குனியில் தொடங்கினால் ஆடிப்பட்டத்துக்கு உரம் தயார்!

வீட்டில் செய்யக் கூடியவை

விடுமுறையில் வீடு செல்லும் நண்பர்கள் சிலவற்றைச் செய்து பார்க்கலாம். இவற்றுட் பல என் அம்மா சொன்னவை. காரணம் மட்டும் நான் வகுப்பில் கேட்டவை.

செடியின் தூரைச் சுற்றி இரண்டு விரற்கடை கனத்துக்குச் சருகோ வைக்கோலோ மூடாக்காகப் பரப்புக. மண் சூடேறாது, ஈரம் விரைவில் ஆவியாகாது. தண்டை ஒட்டிக் குவித்தால் அழுகும், சற்று விலக்கி இடவேண்டும். நீரை விடியலிலோ பொழுது சாய்ந்த பின்னரோ ஊற்றுக. பூசு வேலை இல்லாத மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடி வைத்தால், நீர் கசிந்து சுற்றியுள்ள நாலைந்து செடிகளுக்குப் போகும். கோடையில் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை ஆகியவை தாங்கும். தண்டுக்கீரை ஒரு மாதத்திற்குள் சட்டிக்கு வந்துவிடும். பூச்சி கண்டால் கடைக்கு ஓட வேண்டா. 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைத்து மாலையில் தெளிக்கலாம். அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாது, தோலுரிக்கவும் விடாது. வெயிலில் அது சிதையும் என்பதால்தான் மாலை.

மறுப்பும் விடையும்

"உரமின்றி நாட்டுக்குச் சோறு போட முடியுமா?" என்று விடுதி நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். அவர் கேட்டது நியாயமே. இலங்கையில் 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடுத்தார்கள். விளைச்சல் வீழ்ந்து உழவர் தெருவுக்கு வந்தனர். அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே தடையைக் கைவிட நேர்ந்தது. மண்ணை ஆயத்தப்படுத்தாமல் ஆணை மட்டும் பிறப்பித்தால் நிலம் கேட்காது. நெல்வயலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் புல்வெளி யாருக்கும் சோறு போடவில்லை. புறக்கடைக்குத் தேவையான உரம் அங்கேயே விழுகிறது. இவ்விரு இடங்களிலாவது தொடங்கலாமே என்பதுதான் என் வாதம். எங்கும் முடியாது என்பதற்காக எங்குமே செய்யாமல் இருப்பது அறிவுடைமை ஆகுமா?

"குழி வெட்டினால் நாறும், பாம்பு வரும்" என்பது மற்றொரு மறுப்பு. மண்ணிட்டு மூடினால் நாற்றமில்லை. நாள்தோறும் புகையைச் சுவாசித்துக் கொண்டு பாடம் கேட்கும் நாம், மண்வாசனைக்கா அஞ்சுவது?

என் வேண்டுகோள்

கல்லூரி நிருவாகத்திற்கும் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்க்கும் மூன்று விண்ணப்பங்களைப் பணிவுடன் வைக்கிறேன். ஒன்று, சருகு எரிப்பதை இவ்வாண்டே நிறுத்தி, திடலோரத்தில் நான்கு குழிகள் வெட்ட வேண்டும். வெட்டும் வேலையை மாணவர்களாகிய நாங்களே செய்கிறோம். இரண்டு, கோடையில் புல்வெளிக்கு யூரியா இடுவதை விட்டு, ஆடியில் மக்குரம் இடவேண்டும். மூன்று, புல்வெளியில் மிச்சமாகும் நீரில் ஒரு பகுதியைக் கொண்டு விடுதிக்குப் பின்னால் ஒரு காய்கறித் தோட்டம் போட வேண்டும். களையெடுக்க வரும் பெண்களையே அதற்கு ஆலோசகர்களாக அழைக்கலாம். அவர்களிடம் பட்டம் இல்லை, பாடம் இருக்கிறது.

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்துள்ள தோழர்களே! நம்மில் பலர் வீட்டில் சாணம் அள்ளியதைச் சொல்லக் கூசுகிறோம். படிப்பு நமக்குப் புதிய சொற்களைத் தருகிறது, நல்லது. அச்சொற்களால் நம் பெற்றோர் அறிந்ததை விளக்கலாம், வளர்க்கலாம், தவறிருந்தால் திருத்தவும் செய்யலாம். ஆனால் கேட்காமலே ஒதுக்கித் தள்ளினால் என்ன நேரும் என்பதற்கு அந்த 23 கத்தரிச் செடிகளே சாட்சி.

இவ்வாண்டும் அம்மா கத்தரி நட்டிருக்கிறார். சென்ற வாரம் வீட்டுக்குப் போயிருந்தபோது இலைகள் சற்று வெளுத்துத்தான் இருந்தன. நான் ஒன்றும் தீர்ப்புச் சொல்லவில்லை. "என்ன வெக்கலாம்மா?" என்று கேட்டேன். "ஒண்ணும் வேண்டாங் கண்ணு. அந்த வேப்பஞ்சருகக் கொஞ்சம் அள்ளியாந்து தூருல போடு" என்றார். போட்டுவிட்டு வந்தேன்.